டொரண்ட்டில் பெயர் தெரியாமல் பகிர முடியுமா?

வாசகர் கேள்வி, 9 ஜூன் 2024

அண்ணே வணக்கம். தாத்தா சேர்த்து வைத்த பழைய புத்தகங்களை ஒன்றரை வருஷமாக ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். எல்லாம் நாட்டுடைமை ஆனவை, இல்லையென்றால் எழுதியவர் இறந்து அறுபது வருஷம் தாண்டியவை. மொத்தம் 38 ஜிபி. டொரண்ட்டாகப் போட்டால் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வார்கள், அழியாது என்று ஆசை. நான் அரசு வேலையில் இருக்கிறேன். யார் போட்டது, ஏன் போட்டாய் என்று நாளைக்கு ஒரு கேள்வி வரக்கூடாது. கியூபிட்டொரண்ட் என்ற டொரண்ட் மென்பொருளில் 'அநாமதேய நிலை' என்று ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட்டால் ஐபி, அதாவது இணையத்தில் என் முகவரி, மறைந்துவிடும் என்கிறான் நண்பன். சரிதானா?

9 ஜூன், இரவு 11.20

சரியில்லை தம்பி. அந்த டிக் உங்கள் ஐபியைத் தொடுவதே இல்லை. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று மற்ற கணினிகளிடம் சொல்லிக்கொள்ளும் பழக்கத்தைக் குறைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. பெயர்தான் பெரிது.

9 ஜூன், இரவு 11.55

ஏன் என்று சொல்லாமல் விட்டால் நாளைக்கு இன்னொரு டிக்கைக் காட்டி இதே கேள்வி வரும். அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

2001இல் பிராம் கோஹன் பிட்டொரண்ட்டை எழுதியபோது அவர் முன்னால் இருந்த பிரச்சினை வேகம். பெரிய கோப்பை ஒரே சர்வர் சுமக்காமல், இறக்குகிறவர்களே துண்டு துண்டாக ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ள வேண்டும். என்னிடமிருந்து உங்களுக்கு ஒரு துண்டு வர வேண்டுமென்றால் உங்கள் கணினிக்கு என் முகவரி தெரிந்தாக வேண்டும். ஆகவே ஐபி வெளியே தெரிவது ஓட்டையோ கோளாறோ இல்லை. இந்த ஏற்பாடு ஓடுவதே அதை வைத்துத்தான்.

கல்யாண வீட்டு மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வந்தார்கள், எந்த ஊர் என்று வரிசையாக எழுதியிருக்கும். ஒரு டொரண்ட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று குறித்துவைக்கும் 'ட்ராக்கர்' சர்வர்தான் அந்த நோட்டு. வித்தியாசம் என்னவென்றால், இதை வீட்டுக்காரர் பீரோவில் வைத்துப் பூட்டுவதில்லை. எந்த அந்நியன் வந்து கேட்டாலும் பக்கத்தைத் திருப்பிக் காட்டிவிடும்.

ட்ராக்கரே இல்லாமல், டொரண்ட்டின் அடையாள எண்ணைத் தாங்கிய மேக்னட் இணைப்பில் போட்டாலும் இதே கதைதான். 2005 வாக்கில் டிஎச்டி என்ற, ட்ராக்கர் இல்லாமலே பட்டியலைப் பிரித்து வைக்கும் முறை வந்தது. ஒவ்வொரு டொரண்ட்டுக்கும் 160 பிட் நீளத்தில் ஓர் அடையாள எண் உண்டு. அந்த எண்ணுக்கு இன்னின்னார் வந்திருக்கிறார்கள் என்ற பட்டியலை முன்பின் தெரியாத கணினிகள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரே நோட்டு ஊர் முழுக்கக் கிழிந்து கிடக்கிறது, எந்தத் துண்டை யார் எடுத்தாலும் படிக்கலாம்.

10 ஜூன்

'என்கிரிப்ஷன் கட்டாயம்' என்று, போகிற தகவலைப் பூட்டி அனுப்பும் ஒரு அமைப்பு இருக்கிறதே, அது போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது. அது வேறு சண்டைக்காக வந்தது. 2007இல் அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனம் டொரண்ட் இணைப்புகளை நடுவில் புகுந்து துண்டித்தது தெரியவந்தது; மறு வருஷம் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் அது தவறு என்று உத்தரவிட்டது. இப்படிப்பட்ட இணையச் சேவையாளர் டொரண்ட்டை அடையாளம் கண்டு வேகத்தைக் குறைக்காமல் இருக்கத்தான் அந்த என்கிரிப்ஷன். உங்களோடு துண்டு மாற்றிக்கொள்கிறவருக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும். வேவு பார்க்க வருகிறவரும் அப்படித்தானே வருவார், துண்டு மாற்றிக்கொள்ளும் ஒரு சாதாரணக் கணினியாக!

10 ஜூன், மாலை

கேள்வியை மறுபடி படித்தேன். நேற்று ஒன்றைத் தவறவிட்டிருக்கிறேன். இவர் இறக்குகிறவர் இல்லை, முதலில் போடுகிறவர். அது இன்னும் ஆபத்தான இடம்.

பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தார் 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே ஒரு கணினியை வைத்துக்கொண்டு 103 நாள் பிட்டொரண்ட்டைக் கவனித்தார்கள். 14.8 கோடி ஐபி முகவரிகள் சிக்கின. அதைவிட எனக்கு உறைத்தது வேறு: புதிதாக வந்த கோப்புகளில் 70 சதவீதத்துக்கு, முதன்முதலில் போட்டவரின் ஐபியே தெரிந்துவிட்டது. இதில் மந்திரம் ஏதும் இல்லை. புது டொரண்ட் வந்த உடனே உள்ளே போய்ப் பார்த்தால் முழுக் கோப்பும் வைத்திருக்கிறவர் ஒரே ஒருவர்தான் இருப்பார். அவர்தான் போட்டவர். ஆயிரம் பேர் சேர்ந்த பிறகு நீங்கள் கூட்டத்தில் ஒருவர். முதல் பத்து நிமிஷம் பந்தலில் நீங்கள் மட்டும்தான் நிற்கிறீர்கள்.

13 ஜூன்

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால் ஒரு பழைய காரணம் இருக்கிறது.

2003இலிருந்து ஆறு வருஷம் திருநெல்வேலியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். பத்து கணினி, ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர். பாட்டு இறக்க அப்போது புழங்கிய பகிர்வு மென்பொருள் ஒன்றைப் பையன்கள் எல்லாக் கணினியிலும் போட்டு வைத்திருந்தார்கள். ஒருநாள் அதில் ஏதோ தேடும்போது, தெரிந்த ஒரு அக்காவின் பெயரில் கோப்பு வந்தது. திறந்தால் அவருடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு. வேலைக்கு விண்ணப்பிக்க எங்கள் கடையில் ஸ்கேன் செய்தவர். மென்பொருளை நிறுவும்போது யாரோ பகிரும் ஃபோல்டராக டி டிரைவ் முழுவதையும் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் ஸ்கேன் செய்ததெல்லாம் அந்த டிரைவில்தான் போய் விழும். எத்தனை மாசமாக அது உலகத்துக்குத் திறந்து கிடந்தது, யார் யார் எடுத்தார்கள் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அன்று ராத்திரி பத்து கணினியையும் அழித்து நிறுவினேன். மறுநாள் அந்த அக்கா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அவருக்கு நான் சொன்னது புரியவில்லை. அதுதான் இன்றுவரை மனசில் கிடக்கிறது.

அதே காலத்தில் அமெரிக்காவில் நேதனியல் குட், ஆரன் கிரெகல்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கஸா என்ற பகிர்வு மென்பொருளைச் சோதித்திருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். 12 பேரை உட்காரவைத்து, உங்கள் கணினியில் எதெல்லாம் பகிரப்படுகிறது என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். ஊர் பேர் தெரியாத மனிதர்களின் மின்னஞ்சல் பெட்டி மொத்தமாகப் பகிர்வில் கிடப்பதையும் அவர்கள் கண்டார்கள்.

தனிநபர்கள் மட்டுமல்ல. 2010 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் கிட்டத்தட்ட நூறு அமைப்புகளுக்குக் கடிதம் எழுதியது. உங்களிடம் இருக்கும் வாடிக்கையாளர், ஊழியர் தகவல்கள் பகிர்வு வலைகளில் கிடைக்கின்றன என்று.

13 ஜூன், சற்றுப் பிறகு

மேலே எழுதியதன் நோக்கம் இதுதான்: தம்பி, ஐபியைப் பற்றிக் கவலைப்படும் முன் எந்த ஃபோல்டரைக் காட்டப் போகிறீர்கள் என்று பாருங்கள். டொரண்ட்டில் தேர்ந்தெடுத்த ஃபோல்டர் மட்டும்தான் போகும், அந்தக் காலத்து மென்பொருள் மாதிரி முழு டிரைவும் போகாது. ஆனாலும் அந்த ஃபோல்டருக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே முழுசாகத் தெரியுமா?

16 ஜூன், ஞாயிறு

ஜப்பானில் நடந்ததை இங்கே யாரும் பேசிப் பார்க்கவில்லை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இசாமு கனேகோ டோக்கியோ பல்கலைக்கழகத்தில் உதவியாளராக இருந்தவர். 2002இல் ஓர் இணைய மன்றத்தில், பெயர் சொல்லாமல், வின்னி என்ற பகிர்வு மென்பொருளை வெளியிட்டார். அவருக்கு அங்கே பெயர் '47'. அவர் போட்ட பதிவின் வரிசை எண் அது. வின்னியின் சிறப்பே அடையாளம் மறைப்புதான். கோப்பு ஒருவரிடமிருந்து நேராக உங்களுக்கு வராது, நடுவில் பலர் கைமாறும். என்கிரிப்ட் செய்த துண்டுகள் எல்லார் கணினியிலும் தங்கும். யாரிடமிருந்து கிளம்பியது என்று சொல்வது கடினம். லட்சக்கணக்கானோர் பயன்படுத்தினார்கள்.

2003 நவம்பரில் கியோட்டோ போலீஸ் வின்னி பயன்படுத்திய இருவரைக் கைது செய்தது. 2004 மே மாதம் கனேகோவையே கைது செய்தது. 2006இல் கியோட்டோ நீதிமன்றம் 15 லட்சம் யென் அபராதம் விதித்தது. 2009இல் ஒசாகா உயர் நீதிமன்றம் அவர் குற்றவாளி இல்லை என்றது. 2011 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஏழரை வருஷம். 2013இல் 42 வயதில் இறந்துபோனார். இதை எழுதும்போதே மனசு கனக்கிறது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம்: வலை அடையாளத்தை மறைத்தது, கணினி காட்டிக்கொடுத்தது. ஆன்டினி என்ற வைரஸ் வின்னி வழியாகப் பரவியது. சுவாரஸ்யமான பெயருள்ள கோப்பாக வரும். திறந்தால் அந்தக் கணினியில் உள்ள ஆவணங்களையும் அஞ்சல்களையும் பொறுக்கி வின்னியின் பகிர்வுக்குள் தள்ளிவிடும். 2004இல் கியோட்டோ போலீஸ்காரர் ஒருவரின் கணினியிலிருந்தே விசாரணை ஆவணங்கள் வெளியேறின. 2006இல் கடற்படைத் தற்காப்புப் படையின் ரகசியங்கள் போயின. அப்போது அமைச்சரவைத் தலைமைச் செயலராக இருந்த ஷின்சோ அபே, தயவுசெய்து வின்னியைப் பயன்படுத்தாதீர்கள் என்று நாட்டு மக்களைக் கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது.

என்னை உறுத்துவது என்னவென்றால், வின்னி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ரகசியத்தைப் போட்டவர் யார் என்று காட்டாமலே அதை ஊரெல்லாம் பரப்பியது. பரவிய பிறகு திரும்ப எடுக்கவும் முடியவில்லை. மறைக்கும் வலையில் ஒரு தடவை உங்கள் வீட்டுப் படம் விழுந்தால் அழிக்கச் சொல்ல ஆளே கிடையாது.

19 ஜூன்

விபிஎன் (நம் இணையப் போக்குவரத்தை வேறொருவர் சர்வர் வழியாக அனுப்பும் சேவை) பற்றி ஏன் பேசவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

விபிஎன் போட்டால் மொய் நோட்டில் உங்கள் பெயருக்குப் பதில் விபிஎன்காரர் பெயர் ஏறும். நல்லதுதான். ஆனால் உங்களை அவருக்குத் தெரியும். மறைவது நோட்டைப் புரட்டுகிற அந்நியனிடமிருந்தும், உங்கள் இணையச் சேவையாளரிடமிருந்தும். எல்லாரிடமிருந்தும் இல்லை.

இந்தியாவில் இது இன்னும் முக்கியம். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், கொடுக்கப்பட்ட ஐபி, எதற்காக வாங்கினார் என்பது வரை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க், நார்ட் ஆகிய மூன்றும் அதை ஏற்காமல் இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. அவர்கள் சேவையை இங்கிருந்து பயன்படுத்தலாம், சர்வர் வெளிநாட்டில் இருக்கும். இலவச விபிஎன் வேண்டவே வேண்டாம். சர்வருக்கும் அலைவரிசைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

19 ஜூன், இரவு

சொந்த அனுபவம் ஒன்று. இரண்டு வருஷம் முன்னால், விபிஎன் போட்டுத்தான் யாரும் தாராளமாகப் பகிரக்கூடிய லினக்ஸ் இயங்குதளக் கோப்புகளை சீட் செய்துகொண்டிருந்தேன், அதாவது மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி கரண்ட் போய் வந்தது. யுபிஎஸ் இருந்ததால் கணினி அணையவில்லை, ரௌட்டர் மட்டும் அணைந்து எழுந்தது. விபிஎன் மறுபடி இணையவில்லை. டொரண்ட் மென்பொருளோ கிடைத்த பாதையில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பார்த்தால் ஆறு மணி நேரம் என் வீட்டு முகவரியிலேயே போயிருக்கிறது. லினக்ஸ் என்பதால் போனால் போகட்டும்.

அன்றைக்குத்தான் கற்றேன். கியூபிட்டொரண்ட்டில் மேம்பட்ட அமைப்புகளுக்குள் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் (எந்த இணைப்பு வழியாகப் போக வேண்டும்) என்று ஒரு வரி இருக்கும். அதில் விபிஎன்னின் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுத்துவிட்டால் விபிஎன் விழுந்த நொடியே டொரண்ட்டும் நிற்கும். இதைச் செய்தவர்களுக்கு வேறெந்த டிக்கும் அவ்வளவு முக்கியமில்லை.

22 ஜூன்

ஒரு சேர்க்கை. விபிஎன் போட்டும் ஒருவருக்குச் சொந்த முகவரி வெளியே தெரிகிறதாம். படம் அனுப்பினார். அவர் மேலே சொன்னபடி இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுக்கவில்லை, விபிஎன் அறுந்தால் இணையத்தை நிறுத்தும் 'கில் ஸ்விட்ச்'சை மட்டும் நம்பியிருந்தார். காரணம் ஐபிவி6, அதாவது ஐபி முகவரியின் புதிய வகை. நம் ஊரில் மொபைல் நிறுவனங்களும் ஃபைபர் நிறுவனங்களும் ஐபிவி6 தாராளமாகத் தருகின்றன. சில விபிஎன்கள் பழைய ஐபிவி4 போக்குவரத்தை மட்டும் சுரங்கத்துக்குள் அனுப்பும். மற்றது வாசல் வழியாகவே நடந்து போகும். அதிலும் ஐபிவி6 முகவரி பெரும்பாலும் உங்கள் வீட்டுக்கே உரியது, யாரோடும் பகிர்வதில்லை.

சோதிக்க: ஐபி கசிவு காட்டும் தளங்கள் சோதனைக்கென்று ஒரு மேக்னட் தரும். அதை மென்பொருளில் போட்டால் வெளியுலகுக்கு எந்த முகவரி தெரிகிறது என்று அந்தப் பக்கத்திலேயே வரும். புள்ளிகள் உள்ள எண் மட்டுமல்ல, முக்காற்புள்ளிகளோடு நீளமாக ஒன்று வருகிறதா என்றும் பாருங்கள். பிரவுசரில் மட்டும் சோதித்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள், பிரவுசர் போகும் பாதை வேறாக இருக்கலாம்.

25 ஜூன்

"மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் ஒரே ஐபியில் ஆயிரம் பேர் இருப்பார்கள், யாரென்று தெரியாதே?"

நல்ல கேள்வி. ஆமாம், ஐபிவி4 முகவரிகள் தட்டுப்பாடு, ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பலரை வைக்கிறார்கள். அந்நியன் பார்வையில் நீங்கள் கூட்டத்தில் ஒருவர். எந்த ஐபி எதை இறக்கியது என்று டிஎச்டியைத் திரட்டிக் காட்டும் தளம் ஒன்றில் என் மொபைல் ஐபியைப் போட்டுப் பார்த்தேன். நான் கேள்வியே படாத தெலுங்குப் படங்கள் வரிசையாக வந்தன. ஆகவே கொஞ்சம் பாதுகாப்பு என்று சொல்லலாம்.

26 ஜூன்

நேற்று எழுதியது பாதி உண்மை. முழுக்கச் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அந்த மறுபாதிக்குள்ளேயே நான் வேலை பார்த்திருக்கிறேன்.

பிரவுசிங் சென்டரை மூடிய பிறகு ஐந்து வருஷம் ஒரு கேபிள் இணைய நிறுவனத்தில் நெட்வொர்க் பார்த்தேன். எந்த வீடு, எந்த நேரம், எந்தப் பொது ஐபி, எந்தப் போர்ட் (ஒரே ஐபியில் இருப்பவர்களைப் பிரித்துக் காட்டும் எண்) என்று பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை இந்தப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு வருஷம் வைத்திருக்கச் சொல்லி உரிம விதியை மாற்றியது. அந்நியனுக்குத் தெரியாது, கேட்கும் அதிகாரம் உள்ளவருக்குத் தெரியும்.

ஆனால் அந்தப் பதிவு தவறாகப் படிக்கப்பட்டால்? ஒரு முறை விசாரணைக் கடிதம் வந்தது. பண மோசடிப் புகார். அதில் ஐபி இருந்தது, தேதியும் நேரமும் இருந்தன, போர்ட் எண் இல்லை. அந்த நேரத்தில் அந்த ஐபிக்குப் பின்னால் ஐம்பது வீடுகளுக்கு மேல். போர்ட் இல்லாமல் சொல்ல முடியாது என்றேன். மேலே இருந்தவர், அதிகம் டேட்டா போன வீட்டின் பெயரைக் கொடு, அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். கொடுக்கப்பட்டது. ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் வீடு. இரண்டு தடவை ஸ்டேஷனுக்குப் போய்வந்தார். பிறகுதான், கடிதத்தில் இருந்த நேரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்று தெரிந்தது. இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். கூட்டினால் அந்த ஐபியின் பின்னால் இருந்த வீடுகளே வேறு. அந்த ஆசிரியரின் பேரன் பாடம் கேட்கும் வீடியோ ஓடியதுதான் அந்த 'அதிக டேட்டா'. நான் அந்தப் பெயரைக் கொடுக்க விட்டிருக்கக் கூடாது.

2008இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே வேறு விதமாக நிரூபித்தார்கள். ட்ராக்கருக்குப் பொய்யான முகவரிகளைக் கொடுத்து, நெட்வொர்க் பிரிண்டர்களின் ஐபியை டொரண்ட் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். காப்புரிமை மீறினாய் என்று பிரிண்டருக்கு நோட்டீஸ் வந்தது. கண்காணிப்பவர்கள் பட்டியலைப் பார்த்தார்களே தவிர, அந்த முகவரியிலிருந்து கோப்பு உண்மையில் வருகிறதா என்று பார்க்கவில்லை.

'நான் தப்பே செய்யவில்லை, எனக்கு எதற்கு மறைப்பு' என்று இங்கே எழுதியிருந்தவர் அந்த ஆசிரியரை நினைத்துப் பார்க்கட்டும்.

1 ஜூலை

டோர் (போக்குவரத்தைப் பல கணினிகள் வழியாகச் சுற்றவிட்டு அடையாளம் மறைக்கும் வலை) வழியாக டொரண்ட்: வேண்டாம். டோர் திட்டக்காரர்களே 2010இல் வேண்டாமென்று எழுதியிருக்கிறார்கள். டோர் டிசிபி என்ற ஒரு வகை இணைப்புகளை மட்டும் சுமக்கும். டிஎச்டி யூடிபி என்ற வேறு வகையில் ஓடும். டோருக்குள் அனுப்பும் இடைவாசலாக ப்ராக்ஸி அமைத்தாலும் சில மென்பொருள்கள் அதை மீறி நேராகப் போகும். இன்னும் சில, ப்ராக்ஸி வழியாகவே ட்ராக்கரிடம் 'என் உண்மையான முகவரி இது' என்று எழுதிக் கொடுக்கும். முகமூடி போட்டுக்கொண்டு ஆதார் அட்டையை நீட்டுகிற மாதிரி.

முன்பு சொன்ன இன்ரியா குழு 2011இல் இதையும் அளந்து காட்டியது. 23 நாளில் டோரில் டொரண்ட் போட்டவர்களின் 10,000 உண்மை ஐபிகள். டோருக்குள் அதே பாதையில் அவர்களின் பிரவுசர் போக்குவரத்தும் போனதால், எந்தத் தளம் பார்த்தார்கள் என்பதும் சேர்ந்து அவிழ்ந்தது. டோர் நடத்துவது தன்னார்வலர்கள். பத்திரிகையாளர்களும் ஒடுக்கப்படுகிறவர்களும் நம்பியிருக்கும் பாதையில் 38 ஜிபியை நாள் கணக்கில் ஓட்டுவது நியாயமும் இல்லை.

ஐ2பி என்ற இன்னொரு மறைப்பு வலை வேறு ரகம். அதற்குள்ளேயே டொரண்ட் ஓடும்படி கட்டியிருக்கிறார்கள், ஐபிக்குப் பதில் அதன் சொந்த முகவரிகள். கியூபிட்டொரண்ட் 4.6 பதிப்பிலிருந்து சோதனை முயற்சியாக அதைச் சேர்த்திருக்கிறது. ஆமை வேகம். நம் வாசகர்கள் எத்தனை பேர் அதை நிறுவுவார்கள்? ஒளிந்து போட்டு ஒருவரும் எடுக்காவிட்டால் புத்தகம் தாத்தா பீரோவிலேயே இருந்திருக்கலாம்.

1 ஜூலை, பின்னிரவு

"அப்ப என்னதான்ணே பண்றது?" என்று தம்பி ஒரே வரியில் கேட்டிருக்கிறார். நியாயம். மூன்று வாரமாக இது கூடாது, அது கூடாது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

4 ஜூலை

யோசித்தேன். நீங்கள் டொரண்ட்டே போடாதீர்கள்.

மொய் நோட்டில் பெயர் ஏறக்கூடாதென்றால் கல்யாணத்துக்குப் போகக் கூடாது. மொய்யை இன்னொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். எனக்கு அரசு வேலை இல்லை. நாட்டுடைமை நூலை என் ஐபியிலிருந்து பகிர்வதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. கோப்பை எனக்குக் கொடுங்கள், முதல் சீட் நான்.

எனக்கும் நீங்கள் யாரென்று தெரிய வேண்டாம். ஆனியன்ஷேர் என்று ஒரு மென்பொருள், 2014இல் மைக்கா லீ எழுதியது. உங்கள் கணினியிலேயே டோருக்குள் ஒரு தற்காலிக முகவரி திறக்கும். நான் டோர் பிரவுசரில் அந்த முகவரியையும் சாவியையும் போட்டு இறக்கிக்கொள்வேன். நடுவில் சர்வர் கிடையாது, உங்கள் ஐபி எனக்கு வராது. ஒரே ஒரு முறை, ஒரே ஒருவருக்கு. டோருக்கும் இதுதான் முறையான வேலை. 2 ஜிபி துண்டுகளாகப் பிரியுங்கள், பாதியில் அறுந்தால் முழுசும் போகாமல் இருக்கும். துண்டு மாறாமல் வந்ததா என்று சரிபார்க்க ஒவ்வொன்றுக்கும் ஷா-256 எண் அனுப்புங்கள்.

11 ஜூலை

ஐந்து ராத்திரியில் முழுசும் வந்துவிட்டது. எண்கள் பொருந்துகின்றன. அந்த ஸ்கேன்களின் சுத்தம் இருக்கிறதே, ஒரு பக்கம்கூடச் சாயவில்லை. கை எடுத்துக் கும்பிடலாம்.

12 ஜூலை

ஆனால் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

கோப்புக்குள் ஒளிந்திருக்கும் விவரங்களைக் காட்டும் எக்ஸிஃப்டூலில் ஓட்டிப் பார்த்தேன். பிடிஎஃப்களில் 'ஆசிரியர்' என்ற இடத்தில் எழுதியவர் பெயர் இல்லை, உங்கள் விண்டோஸ் கணக்கின் பெயர் இருக்கிறது, இனிஷியலோடு. அட்டைப் படங்களைக் கைபேசியில் எடுத்திருக்கிறீர்கள். 61 படங்களில் அட்சரேகை, தீர்க்கரேகை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. நான் வரைபடத்தில் போட்டுப் பார்க்கவில்லை. என் பிரதியில் அந்த விவரங்களை அழித்துவிட்டேன். இதோடுதான் நீங்கள் டொரண்ட் போட்டிருப்பீர்கள். எந்த விபிஎன்னும் இதைத் தடுத்திருக்காது.

டொரண்ட் கோப்புக்குள்ளும் உருவாக்கிய நேரம், மென்பொருள், குறிப்பு என்று இடங்கள் உண்டு. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

14 ஜூலை

இன்னும் இரண்டு. ஒன்று, ஆறு புத்தகங்களில் பிற்காலப் பதிப்பாசிரியர்களின் முன்னுரையும் அடிக்குறிப்பும் இருக்கின்றன. மூல நூல் நாட்டுடைமை என்றாலும் அந்த உழைப்பு அவர்களுடையது. அந்த ஆறையும் எடுத்துவிட்டேன். போடுகிறவன் நான் என்பதால் பொறுப்பும் எனக்கு.

இரண்டு, இது எந்தக் கருவிக்கும் சிக்காதது. பல நூல்களின் முதல் பக்கத்தில் தாத்தாவின் கையெழுத்து, ஊர், வாங்கிய தேதி. மையால் எழுதியது, ஸ்கேனில் பளிச்சென்று இருக்கிறது. சிலவற்றில் வீட்டு முகவரியோடு ரப்பர் ஸ்டாம்ப். இதை நானாக முடிவு செய்ய முடியாது. நீங்கள் சொல்லுங்கள்.

20 ஜூலை

தம்பியின் பதிலைச் சுருக்கித் தருகிறேன். ஸ்டாம்ப்பையும் ஊரையும் மறைத்துவிடச் சொன்னார். கையெழுத்தை அழிக்க மனசு வரவில்லை, அவர் காசில் வாங்கியது, அவர் பெயர் இருக்கட்டும் என்றார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. தாத்தாவின் பெயர் தம்பியின் அப்பாவுக்கு இனிஷியலாக இருக்கும். தேடுகிறவருக்கு நூல் நுனி போதும். இரண்டு நாள் பேசினோம். கடைசியில் கையெழுத்துள்ள பக்கங்களை எடுத்துவிட்டு, ஓரங்களில் தாத்தா பென்சிலால் எழுதிய குறிப்புகளை மட்டும் விட்டுவைத்தோம். அவற்றில் பெயர் இல்லை. ஒரு செய்யுளின் பக்கத்தில் 'மறுபடி படி' என்று எழுதியிருக்கிறார், அடியில் கோடு போட்டு.

28 ஜூலை

டொரண்ட் ஓடுகிறது. மேக்னட் இணைப்பை இழையின் மேலே சேர்த்துவிட்டேன். நேற்று இரவுவரை 17 பேர் முழுசாக இறக்கியிருக்கிறார்கள். பட்டியலைத் திறந்தால் முதல் முகவரி என்னுடையதுதான், மறைக்கவில்லை. இறக்கியவர்கள் ஒரு மாசமாவது அணைக்காமல் வையுங்கள். எங்கள் தெருவில் நாளை பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து ஐந்துவரை கரண்ட் இருக்காது.